மூன்று புள்ளி மலை

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். நேரில் எல்லாரும் அக்கா என்பார்கள்; அவள் தலை மறைந்ததும் பூதக்கண்ணாடி. இது அவளுக்குத் தெரியாது என்று நினைப்பவர்களுக்கு அவளைத் தெரியாது என்றுதான் அர்த்தம். உள்ளுக்குள் அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

யாராவது புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, "எப்படிக்கா இருக்கு?" என்று வாயைக் கொடுத்தால் தொலைந்தது. காலர் ஒரு பக்கம் நூலளவு இறங்கியிருப்பது, மூன்றாவது பொத்தான் மற்றவற்றைவிட வெளிறியிருப்பது, எல்லாம் வெளியே வரும். குத்திக்காட்ட வேண்டும் என்று சொல்லமாட்டாள். கேட்டதற்கு உள்ளதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவளுக்குக் கல்யாணம் ஆகாததற்கே இந்த வாய்தான் காரணம் என்று ஃப்ரீசரைப் பார்த்துக்கொள்ளும் ஆள் சொல்லித் திரிவார். அது பொய். அவளுக்கு வேண்டாம் என்று தோன்றியது, இருந்துவிட்டாள்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஒரு குளிர்ந்த அறையில் அவளுடைய மாஸ் ஸ்பெக் மெஷின் இருந்தது. ஒரு சொட்டு ரத்தத்தில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் பொருள்கள் உண்டு. சாப்பாடு செரித்து வந்தவை, உடம்பு தானே செய்துகொண்டவை, குடலில் குடியிருக்கும் கிருமிகள் அனுப்பிவைத்தவை என்று எல்லாம் கலந்து கிடக்கும். ஒவ்வொன்றையும் எடை போட்டு, எது எவ்வளவு என்று சொல்வது அந்த மெஷின். இந்த வேலைக்கு மெட்டபாலமிக்ஸ் என்று வாய் கொள்ளாத ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அவள் அதை "ரத்தக் கணக்கு" என்றே சொல்வாள்.

எவ்வளவு நுணுக்கமாக எடை போட வேண்டும் என்பதை மெஷினுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். அதுதான் ரெசொல்யூஷன். குறைத்து வைத்தால், எடையில் மயிரிழை வித்தியாசம் உள்ள இரண்டு பொருள்கள் ஒன்றாகவே தெரியும். கூட்டி வைத்தால் இரண்டும் பிரிந்து நிற்கும். அப்படியானால் எப்போதும் கூட்டியே வைத்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. நுணுக்கமாகப் பார்க்க மெஷினுக்கு நேரம் பிடிக்கும். ரத்தத்தில் உள்ள பொருள்களோ வரிசையாக வந்து, சில நொடிகள் தலைகாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். பஸ்ஸிலிருந்து இறங்கும் கூட்டத்தில் ஒருவர் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றால், மற்றவர்கள் நம்மைத் தாண்டிப் போய்விடுவார்கள் அல்லவா? யார் வந்தார் என்பது தெரியும்; எத்தனை பேர் வந்தார்கள் என்பதைக் கோட்டை விட்டுவிடுவோம்.

இது அவளுக்குத் தெரியாததல்ல. வேலைக்குப் புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லிச் சொல்லி அவள் வாய் வலித்திருக்கிறது. அப்படிப்பட்டவள்தான் இந்த விஷயத்தில் போய்ச் சறுக்கினாள். எப்படி என்று சொல்வதற்குமுன் அவளுடைய தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தங்கை அவளைவிடப் பத்து வயதுக்குமேல் சின்னவள். இரண்டு தெரு தள்ளி வீடு. சிரித்தால் எதிர்வீட்டுக்குக் கேட்கும். முந்தின வருஷம் அவளுக்கு முதல் பிள்ளை குறைமாதத்தில் பிறந்தான். உள்ளங்கையில் அடங்கிவிடுகிற பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து நரம்பு வழியாகச் சத்துநீர் ஏற்றினார்கள். கொஞ்ச நாள் போனதும், "இனி தாய்ப்பால் கொடுத்துப் பார்க்கலாம்" என்றார்கள். தங்கை ஆசை ஆசையாகப் பாலைப் பீய்ச்சிக் கொடுக்க, நர்ஸ் அதை மெல்லிய குழாய் வழியே சொட்டுச் சொட்டாக விட்டாள். மறுநாள் பிள்ளையின் வயிறு வீங்கியது. குறைமாதக் குழந்தைகளுக்கு வருகிற குடல் வியாதி. அந்த வாரத்திலேயே போய்விட்டான்.

தங்கை ஊரைக் கூட்டி அழவில்லை. சில மாதம் கழித்து, பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்காமலே அக்காவிடம் சொன்னாள்.

"என் பால்தான்க்கா அவனைக் கொன்னுது."

"அப்படி யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. எல்லாரும் இல்லைன்னுதான் சொல்றாங்க. டாக்டரும் இல்லைன்னாங்க. அவங்க வேற என்னதான் சொல்லுவாங்க, பாவம்?"

அதன்பிறகு அந்தச் சிரிப்பு எதிர்வீட்டுக்குக் கேட்கவே இல்லை. மறுபடி வயிற்றில் பிள்ளை உண்டானது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். ஆறாம் மாதத்தில் தங்கை தன் முடிவைச் சொன்னாள்: இந்தப் பிள்ளைக்குத் தாய்ப்பால் கிடையாது, புட்டிப்பால்தான். கணவன் கெஞ்சினான், முதல் பிள்ளையைப் பார்த்த டாக்டர் எடுத்துச் சொன்னார். மசியவில்லை.

அந்த டாக்டரிடமே இதற்கு ஒரு வழி இருந்தது. குறைமாதக் குழந்தைகளுக்குத் தினமும் எடுக்கும் ரத்தத்தில் மிஞ்சிய சொட்டுகளை, பெற்றவர்களின் சம்மதத்தோடு, அவர் சில வருஷங்களாகச் சேர்த்துவைத்திருந்தார். வியாதி வந்த குழந்தைகளுடையதும் இருந்தது, வராத குழந்தைகளுடையதும் இருந்தது. எல்லாமே முதல் முறையாகப் பால் கொடுப்பதற்குமுன் எடுத்தவை. குடல் எப்போது புண்ணாகத் தொடங்குகிறது, பால் போன பிறகா, அதற்கு முன்பேயா? இதுதான் டாக்டரின் கேள்வி. தங்கையின் கேள்வியும் அதேதான். தங்கை பிள்ளையின் ரத்தமும் அந்தக் குப்பிகளில் ஒன்றில் இருந்தது. எதில் என்பது டாக்டருக்கு மட்டும்தான் தெரியும். குப்பியின்மேல் வெறும் நம்பர்தான்.

"டாக்டர், என் தங்கச்சி பிள்ளையோடதும் இதுல இருக்கு. நான் இதைத் தொடலாமா?" என்று அவள் கேட்டாள்.

"உங்களுக்கு நம்பரைத் தவிர ஒண்ணும் தெரியப்போறதில்லை. அந்த மெஷின் உங்க பேச்சைத் தவிர யார் பேச்சையும் கேக்காது. நீங்களே பண்ணுங்க."

விஷயம் தெரிந்ததும் தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ பார்த்துச் சொல்லுக்கா. உனக்கு ஆறுதல் சொல்லவே வராது. நீ சொன்னா நான் நம்புவேன். பாலால இல்லைன்னா, இதுக்கு நானே பால் குடுக்கறேன்."

பதில் ஒரு ஜோடிப் பொருள்களில் இருந்தது. ஒன்று, உணவிலிருந்து வருவது. பாலிலும் இருக்கும், நரம்பில் ஏற்றும் சத்துநீரிலும் இருக்கும். இன்னொன்று, குடல் புண்ணாகும்போது உடம்பு தானே உண்டாக்குவது. ஃப்ரீசர்காரர் இவற்றுக்குத் தீனிக்காரன், புண்காரன் என்று பெயர் வைத்தார். இரண்டு பேரும் மெஷினுக்குள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வருவார்கள். எடையில் வித்தியாசம் தசமப் புள்ளிக்கு அப்பால் எங்கோ இருந்தது. இதற்குமுன் இருந்த பழைய மெஷின் இருவரையும் திரையில் ஒரே மேடாகக் காட்டிக்கொண்டிருந்ததால்தான் அதுவரை யாருக்கும் பதில் தெரியவில்லை.

புதிதாக ஒரு வேலை வந்தால் அவள் செய்கிற முறை ஒன்று உண்டு. எல்லாக் குப்பியிலிருந்தும் துளித்துளி எடுத்து ஒரு கலவை செய்வாள். அந்தக் கலவையை வைத்து ரெசொல்யூஷனைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துவிட்டு, பிறகுதான் குப்பிகளைத் தொடுவாள். இந்தத் தடவை கலவையைச் செய்தாள். ஆனால் சோதித்துப் பார்ப்பதற்கு அதிலிருந்து ஒரு துளிகூட எடுக்க மனம் வரவில்லை. அதில் தங்கை பிள்ளையின் துளியும் அல்லவா இருக்கிறது? அதற்குப் பதிலாக, அந்த இரண்டு பொருள்களிலும் கடையில் வாங்கிய சுத்தமான சரக்கைக் கரைத்து ஊற்றிப் பார்த்தாள். ரெசொல்யூஷனை மெஷின் போகிற உச்சத்துக்கு ஏற்றினாள். எள்ளளவு சந்தேகமும் இருக்கக்கூடாது என்பதுதான் அவள் மனசில் ஓடியது. திரையில் ஆளுக்கு ஒன்றாக இரண்டு மலைகள் தனித்தனியாக எழும்பி நின்றன. நடுவில் ஒரு பள்ளத்தாக்கே இருந்தது. பார்க்கக் கண்கொள்ளவில்லை.

பிறகு குப்பிகளை மெஷினில் ஓட்டினாள். எல்லாவற்றிலும் அதே அழகு. டாக்டர் கீழே இறங்கி வந்து பார்த்து, "பிரமாதம்!" என்றார். அவளும் அன்றைக்கு யாருடைய சட்டையிலும் குறை சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கணக்குப் போட உட்கார்ந்தாள். பத்துக் குப்பிக்கு ஒரு தடவை அந்தக் கலவையையும் நடுவில் ஓட்டுவது வழக்கம். ஒரே கலவை என்பதால் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு காட்ட வேண்டும். முதல் தடவை புண்காரன் நூறு என்றால், அடுத்த தடவை நூற்று அறுபது, அதற்கடுத்து எழுபது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். மறுபடியும் அதுவேதான்.

கணினிக்கு ஒரு பழக்கம் உண்டு. மெஷின் கொடுக்கும் புள்ளிகளை இணைத்து, முனைகளைத் தேய்த்து, மழமழவென்று வளைத்துக் காட்டும். அவள் அந்தப் பூச்சை நீக்கினாள். மலை இருந்த இடத்தில் மூன்று புள்ளிகள் இருந்தன. சில இடங்களில் இரண்டு.

சுத்தமான சரக்கு நிறைய இருந்ததால் அது நின்று நிதானமாக வந்தது. மெஷினுக்குப் பார்க்க நேரம் இருந்தது. பிள்ளைகளின் ரத்தத்தில் புண்காரன் கொஞ்சம்தான், வந்த வேகத்தில் போய்விட்டான். அதற்குள் மெஷினால் மூன்று தடவைதான் பார்க்க முடிந்தது. அந்த மூன்றில் ஒன்று உச்சியில் விழுந்தால் அளவு அதிகம், சரிவில் விழுந்தால் குறைவு. வந்தது புண்காரன் என்பது சத்தியம். எவ்வளவு வந்தான் என்பது வெறும் அதிர்ஷ்டம். வியாதி வந்த பிள்ளைக்கும் வராத பிள்ளைக்கும் அந்த அளவில்தான் வித்தியாசமே.

டாக்டரிடம் போய், "தப்பு என்னோடது" என்றாள். "எவ்வளவு மிச்சம் இருக்கு?" என்று மட்டும் டாக்டர் கேட்டார். பதில் ஃப்ரீசர்காரரிடம்தான் இருந்தது.

"ஒரே ஒரு தடவைக்கு வரும்க்கா. அதுக்குமேல குப்பியைக் கழுவி ஊத்தினாலும் கிடையாது."

தங்கையிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று நாளைக் கடத்தியிருக்கலாம். அதற்கெல்லாம் அவளுக்குச் சாமர்த்தியம் போதாது. நேரே போய், உட்காராமல்கூட, நடந்ததைச் சொன்னாள்.

தங்கைக்கு ரெசொல்யூஷன் எல்லாம் புரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. "அவனோட ரத்தத்தை வீணடிச்சிட்டியா?" என்றாள்.

"பாதியை."

"எல்லாருக்கும் நொட்டை சொல்லுவியே. அதை இதுல காட்டியிருக்கக் கூடாதா?" தங்கையின் உதடு துடித்தது. "இந்த உலகத்துல அவனோடதுன்னு எனக்கு வேற என்ன இருக்கு?"

தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து பேச்சு நின்றது. அக்கா வீட்டுக்குப் போனால் தங்கை உள்ளறைக்குப் போய்விடுவாள். கணவன்தான் டீ போட்டுக் கொடுத்துவிட்டு அசடு வழிவான். இப்படி ஒருத்தி முகம் கொடுக்காமல் இருப்பது எவ்வளவு வலிக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. ஆய்வுக்கூடத்துக் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, கலவையை எடுத்தாள். முதலிலேயே செய்திருக்க வேண்டியதை இப்போது செய்தாள். ரெசொல்யூஷனை உச்சத்திலிருந்து படிப்படியாக இறக்கினாள். ஒவ்வொரு படிக்கும் பூச்சை நீக்கிப் புள்ளிகளை எண்ணினாள். ரொம்பவும் இறக்கினால் இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். நடுவில் ஓர் இடத்தில், இரண்டு மலைகளின் அடிவாரமும் லேசாக உரசிக்கொண்டன, உச்சிகள் தெளிவாகப் பிரிந்து நின்றன. ஒவ்வொரு மலைக்கும் பத்துக்குமேல் புள்ளி விழுந்தது. ரத்தம் ஓடும் வேகத்தையும் சற்றுக் குறைத்து, பொருள்கள் கொஞ்சம் நின்று போகும்படி செய்தாள். கலவையைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். நூறு, நூற்றிரண்டு, தொண்ணூற்றொன்பது, நூறு.

படம் பார்க்கச் சுமார்தான். முந்தினதன் அழகில் கால்வாசி கிடையாது. அந்த உரசலைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கை பரபரத்தது, இன்னும் ஒரு படி ஏற்றினால் என்ன என்று. கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கடைசிச் சொட்டுகளை ஓட்டிய அன்று ஃப்ரீசர்காரர் குப்பித் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். வாயைத் திறந்தால் கிண்டல்தான் வரும், அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. "நான் இங்கேயே இருக்கட்டுமாக்கா?" என்று கேட்டார். "இரு தம்பி" என்றாள். ஊசி ஒவ்வொரு குப்பியாக இறங்கி, உறிஞ்சி, ஏறியது. எது அவன் என்று தெரியாததால் ஒவ்வொரு குப்பியையும் அவள் அவன் என்றே பார்த்தாள். நடுநடுவே வந்த கலவை கடைசிவரை நூறை ஒட்டியே நின்றது. தட்டு முழுக்கக் காலியானதும் ஃப்ரீசர்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஏசி ஜாஸ்தியா இருக்கு" என்றார்.

எண்களை டாக்டரிடம் ஒப்படைத்தாள். எந்த நம்பர் எந்தக் குழந்தை, யாருக்கு வியாதி வந்தது என்று பொருத்திப் பார்ப்பது டாக்டர் பக்கத்து வேலை. அது இழுத்துக்கொண்டே போனது. அதற்குள் தங்கைக்கு நாள் நெருங்கிவிட்டது.

டாக்டர் அவளைக் கூப்பிட்டுப் பதிலைச் சொன்ன அன்றைக்கே தங்கையின் கணவன் போன் செய்தான். "அக்கா, பொண்ணு பிறந்திருக்கா. முழு மாசம், நல்ல எடை. உங்களை வரச் சொல்றா."

"அவளே சொன்னாளா?"

"அவளேதான்."

பிரசவ வார்டில் தங்கை சுவரோரக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். பக்கத்துத் தொட்டிலில் குழந்தை முகம் சிவக்க வீறிட்டுக்கொண்டிருந்தது. மேஜையில் புட்டி இருந்தது. இரண்டு தடவை கொடுத்துப் பார்த்தும் துப்பிவிட்டதாம். தங்கையின் இரவிக்கை பால் கசிந்து நனைந்திருந்தது. அவள் துண்டை மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள், வலியோடு.

"பதில் வந்துடுச்சா?" என்றாள். பல வாரத்துக்குப் பிறகு அவள் அக்காவிடம் பேசிய முதல் பேச்சு அது.

"வந்துடுச்சு."

"உள்ளதைச் சொல்லு."

அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "வியாதி வந்த பிள்ளைங்களுக்கு, பாலே குடுக்காதப்ப எடுத்த ரத்தத்துலயே புண்காரன் ஏறியிருக்கான். வராத பிள்ளைங்களுக்கு ஏறலை. பால் ஒரு சொட்டுகூட உள்ளே போறதுக்கு முன்னாடியே குடல்ல புண் ஆரம்பிச்சிருக்கு."

தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். வேறு யாராயிருந்தாலும் அதோடு நிறுத்தியிருப்பார்கள். குழந்தை அழுகிறது, தாய் வலியில் இருக்கிறாள், நிறுத்தியிருந்தால் யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை. அக்காவுக்கும் நிறுத்திவிடத்தான் ஆசை. தொண்டை வரைக்கும் வந்ததை விழுங்கப் பார்த்தாள். முடியவில்லை.

"வியாதி வந்ததுல ஒரு பிள்ளைக்கு மட்டும் சொல்ல முடியலை," என்றாள். "குப்பியில ரத்தம் ரொம்பக் கம்மி. ஏறியிருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. மத்த அத்தனை பேருக்கும் ஏறியிருக்கு."

"அந்த ஒண்ணு அவனா?"

"தெரியாது. நான் கேக்கலை, டாக்டரும் சொல்லக்கூடாது. அவனாவும் இருக்கலாம்."

சொல்லிவிட்டு அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இதையும் கெடுத்துவிட்டோம் என்றே நினைத்தாள். குழந்தையின் அழுகை ஏறிக்கொண்டே போனது. தங்கை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஒண்ணை நீ சொல்லாம விட்டிருந்தா," என்றாள் தங்கை மெதுவாக, "மத்ததையும் ஆறுதலுக்குச் சொல்றேன்னுதான் நினைச்சிருப்பேன்."

துண்டை எடுத்துக் கீழே போட்டாள். "அவளைத் தூக்கிக் குடுக்கா."

அக்கா குழந்தையைத் தூக்கிக் கொடுத்தாள். தங்கை குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அது முட்டியது, தவறியது, மறுபடி முட்டியது. பிறகு பிடித்துக்கொண்டது. வார்டில் அழுகைச் சத்தம் நின்றது.

"அம்மாடி!" என்று தங்கை பல்லைக் கடித்தாள். "என்னமா இழுக்கறா பாருக்கா, இத்தனூண்டு சைஸுல இருந்துக்கிட்டு." சொல்லும்போதே அவள் கண்ணீர் குழந்தையின் தலைமேல் விழுந்தது, அவள் துடைக்கவில்லை.

"இழுக்கட்டும்," என்றாள் அக்கா.